போகாமலே பழகிய வளைவுகள்

சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில், தடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அங்கே போய் நின்றாக வேண்டும். வேறு வழி கிடையாது. இரண்டாம் உலகப் போருக்காகச் சென்னைக்கு வடக்கே போட்ட விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. வருடத்தில் சில நாட்கள் ஊரே அங்கே திரளும். மற்ற நாட்களில் வெட்டவெளி. வெளியூர்களிலிருந்து காரைக் கொண்டுவந்து இறக்குகிறவருக்குக் கிடைத்ததெல்லாம் பந்தயத்துக்கு முந்தைய சில பயிற்சிச் சுற்றுகளும், போன வருடம் ஓட்டியவர் சொல்லும் இரண்டு வார்த்தைகளும்தான்.

கொச்சியில் எங்களுக்கு அந்த இரண்டு வார்த்தைகள் மாமா வழியாக வந்தன. தோப்பும்படியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். பந்தயம் அறிவித்துவிட்டால் எர்ணாகுளத்தில் ரயில் ஏறிவிடுவார். 1990இல் சோழவரத்தை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்த பிறகும் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் நாங்கள் அவரைச் சுற்றி உட்காருவோம். வொர்க்‌ஷாப்பின் ஆயில் படிந்த தரையில் சாக்பீஸால் தடத்தை வரைவார். 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோடு போடும்போதே வாயும் பேசும். "இங்க வரைக்கும் கால எடுக்கக் கூடாது. இந்த எடத்துல பயம் வரும், வந்தாலும் எடுக்கக் கூடாது. எடுத்தா பின்னாடி வர்றவன் உள்ள புகுந்துருவான்." சாக்பீஸை அழுத்திப் பிடித்து ஒரு வளைவில் இரண்டு கோடு போடுவார். ஒன்று தெரியாதவன் போகிற வழி, மற்றது தெரிந்தவன் போகிற வழி. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஒரு சாணுக்காகத்தான் மனிதர்கள் அவ்வளவு தூரம் போய்க் கற்றார்கள் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது.

இப்போது அதே கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய குடோனின் மாடியில் நடப்பதைச் சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்த குடும்பத்துப் பையன். பகலில் வேலை, ராத்திரியில் ஆன்லைன் ரேசிங் லீக். அவர்கள் லீக்கில் கொச்சி, கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர், துபாய் என்று பல ஊர்ப் பிள்ளைகள். யாரும் யாரையும் நேரில் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. சீசன் தொடங்கும்போதே எந்த வாரம் எந்த சர்க்யூட் என்று காலண்டர் வந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இந்தப் பையன் வரப்போகும் சர்க்யூட்டைப் பற்றி மற்றவர்களுக்கு ஒரு முன்னோட்டம் தயாரிக்கிறான். தானே ஒரு லேப் ஓட்டி, அதைப் பதிவு செய்து, மேலே தன் குரலில் விளக்கம். எங்கே பிரேக், எங்கே கியர், தடத்தின் ஓரத்தில் எந்தக் கெர்பில் ஏறலாம், எதில் ஏறினால் கார் சுழலும். அதைச் செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ரிக் என்கிறார்கள்: இரும்புச் சட்டத்தில் பழைய கார் சீட், ஸ்டீயரிங் வீல், மூன்று பெடல், எதிரே பெரிய திரை. மரத்தளம் என்பதால் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது கீழ்வீட்டுக்குச் சத்தம் போகும். அதற்காக அடியில் ரப்பர் விரிப்பு. உப்புக் காற்றில் பெடலின் போல்ட்டுகள் துருப்பிடிக்கின்றன, மாதாமாதம் எண்ணெய் போடுகிறான். பிரேக் பெடலில் லோட் செல் என்று ஒரு சென்சார் இருக்கிறது. பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அது பார்ப்பதில்லை. கால் எவ்வளவு பலமாக அழுத்தியது என்பதைத்தான் அளக்கிறது. தூரத்தைவிடப் பலத்தைக் கால் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். பந்தயக் காரின் பிரேக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது.

அன்றைக்கு முன்னோட்டம் பெல்ஜியத்தின் ஸ்பா சர்க்யூட்டுக்கு. 7.004 கிலோமீட்டர், இன்றைய ஃபார்முலா 1 தடங்களில் நீளமானது. லா சோர்ஸ் என்ற ஊசி வளைவில் அவன் காரை நிறுத்திவிட்டான். நிறுத்தியபடியே மைக்கில் பேசினான். "முதல் லேப்ல இங்க யாரும் ஹீரோ ஆக வேண்டாம். லேட்டா பிரேக் போட்டு ஒருத்தன் உள்ள விட்டா பத்துப் பேரு ரேஸ் காலி." பிறகு காரைக் கிளப்பிச் சரிவில் இறங்கி, ஓ ரூஜ் பள்ளத்தைத் தாண்டி ரேடியானில் செங்குத்தாக ஏறினான். உச்சியைத் தாண்டும்வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கெமல் நேர்ச்சாலை, லெ கோம்ப், அப்புறம் இறக்கம். புவோன் என்ற இரட்டை இடது வளைவை மட்டும் பலமுறை ஓட்டினான். ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை உள்ளே, ஒரு விரற்கடை வெளியே. கடைசியில் என்னிடம், "அண்ணே, இதுல கால எடுக்காமப் போயிரலாம்னு தோணும். தோணினா போகக் கூடாது. அதச் சொல்லத்தான் இந்த வீடியோவே" என்றான்.

மழை பற்றியும் ஒரு பகுதி வைத்திருந்தான். ஆர்டென் மலைக்காட்டில் ஏழு கிலோமீட்டர் பரந்து கிடப்பதால் ஸ்பாவில் ஒரு முனை நனைந்திருக்கும், மறு முனை காய்ந்திருக்கும். மட்டாஞ்சேரியில் கொட்டிக்கொண்டிருக்கும்போது காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்தில் வெயில் அடிப்பதைப் போல, என்று அவன் சொன்னதும் கொச்சிப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கியிருக்கும்.

இந்த இடத்துக்கு நாம் ஒரே தாவலில் வந்துவிடவில்லை. நடுவில் ஒரு நீண்ட காலம், படம் மட்டும் கையில் இருந்தது.

தொண்ணூறுகளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஃபார்முலா 1 பந்தயங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. விளையாட்டு இதழ்களில் அடுத்த சர்க்யூட்டின் கோட்டுப்படம் வரும். வெட்டி நோட்டில் ஒட்டினோம். அந்தப் படத்தில் ஓ ரூஜ் ஒரு சின்ன நெளிவு. அது மலை ஏறுகிறது என்பது படத்தில் இல்லை. தடம் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே மேடு, எங்கே தார் மாறுகிறது, எதுவும் இல்லை. ஓட்டுகிறவனுக்கு வேண்டியது எல்லாமே கோட்டுப்படம் விட்டுவிடுகிற விஷயங்கள்தான். மாமாவின் சாக்பீஸ் படம் அச்சுப் படத்தைவிட உயர்ந்ததாக இருந்ததற்குக் காரணம், கூடவே அவர் வாயும் இருந்ததுதான்.

1996இல் ஒரு செய்தி எங்களை உலுக்கியது. முதல் ஃபார்முலா 1 சீசனை ஓட்டிக்கொண்டிருந்த ஜாக் வில்நெவ், அதுவரை ஓட்டியிராத ஸ்பா தடத்தைக் கணினி விளையாட்டில் பழகிவிட்டுப் போய், தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். பந்தயத்தில் ஷூமாக்கர் ஜெயித்தார், இவர் இரண்டாவது. ஆனாலும் விளையாட்டு என்று எல்லோரும் ஒதுக்கிய ஒன்று பந்தய வீரனுக்குப் பாடமாகலாம் என்பது அன்றைக்கு உறுதியானது.

மட்டாஞ்சேரிக்கு அது உடனே வந்து சேரவில்லை. இங்கே கம்ப்யூட்டர் என்றால் ரோட் ராஷ், அதற்குப் பிறகு நீட் ஃபார் ஸ்பீட். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, கீபோர்டின் அம்புக்குறி விசைகளால் ஓட்டினோம். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்த சீ-மீ-வி 3, தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியாவுக்குப் போகும் சேஃப் என்று இரண்டு கடலடிக் கேபிள்கள் கொச்சியில் கரையேறின. உலகத்தின் இணையம் நம் கரையைத் தொட்டுப் போனது. வீட்டிலோ டயல்-அப் மோடம் இரைந்துகொண்டிருந்தது. 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோது 256 கேபிபிஎஸ் வேகமே பெரிய பேச்சு.

ஆன்லைன் பந்தயத்தில் இந்த மந்தமான இணைப்பு எப்படிக் குறுக்கே நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 55 மீட்டர் நகர்கிறது. தகவல் போய்ச்சேர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமானால், திரையில் நீ பார்க்கும் எதிராளியின் காருக்கும் அவன் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் 11 மீட்டர் வித்தியாசம். இரண்டு கார் நீளத்துக்கு மேல். பக்கத்தில் இடமிருக்கிறது என்று நினைத்துத் திருப்பினால் மோதல்தான். இணைப்பு சீராகும்வரை இந்தியப் பிள்ளைகளை வெளிநாட்டு லீக்குகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. ஃபைபர் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

மென்பொருள் பக்கம் மாற்றம் வேறு வகையில் நடந்தது. 1967ஆம் ஆண்டின் கார்களையும் தடங்களையும் 1998இல் கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் என்ற மென்பொருளில் அச்சு அசலாகக் கட்டியவர்களில் முக்கியமானவர் டேவ் கேமர். அவரே பின்னால் ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய மென்பொருளைத் தொடங்கினார். 2008இல் அது வெளிவந்தது. அதற்குள் தடத்தை அளக்கும் முறையே மாறியிருந்தது. லேசர் கருவியைத் தடம் நெடுகக் கொண்டுபோய்க் கோடிக்கணக்கான புள்ளிகளைப் பதிவு செய்கிறார்கள். தாரின் ஒவ்வொரு மேடும் கெர்பின் ஒவ்வொரு பல்லும் மில்லிமீட்டர் கணக்கில் வருகிறது. கார் அந்த மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங் கையில் உதறும். கோட்டுப்படம் விட்டுவிட்டதெல்லாம் இப்போது விரலுக்கு வந்துவிட்டது.

நிஜப் பந்தயமும் இதை நோக்கித் தள்ளப்பட்டது. 2009 முதல் ஃபார்முலா 1இல் சீசன் நடுவே சோதனை ஓட்டத்துக்குத் தடை வந்ததால் அணிகள் சிமுலேட்டர்களைக் கட்டிக்கொண்டன. அதற்கு அடுத்த வருடம் சென்னையின் கருண் சந்தோக் பஹ்ரைனில் தன் முதல் பந்தயத்துக்குப் போனபோது, அவருடைய கார் தகுதிச் சுற்றில்தான் முதன்முதலாகத் தடத்தில் இறங்கியது. ஒரு லேப்கூடப் பயிற்சி இல்லை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எனக்கு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. முன்கூட்டித் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய சொத்து என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

2011இல் இன்னொரு விசேஷம். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் அக்டோபர் 30 அன்று முதல் இந்தியன் கிராண்ட் பிரீ. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, செப்டம்பரில், கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட எஃப்1 2011 விளையாட்டில் அந்தத் தடம் இருந்தது. வெட்டல் நிஜத்தில் அங்கே ஜெயிப்பதற்கு முன், கேரளத்துப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து அந்த 5.125 கிலோமீட்டரை ஓட்டிப் பழகிவிட்டார்கள். சாக்பீஸ் காலத்தில் வளர்ந்த எனக்கு, ஒழுங்கு தலைகீழானது அங்கேதான்.

பிறகு 2020. ஊரடங்கில் நிஜத் தடங்கள் பூட்டப்பட்டபோது உலகத்தின் முன்னணி வீரர்களெல்லாம் ரிக்கில் உட்கார்ந்தார்கள். ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயமே மெய்நிகராக நடந்தது. இந்தியாவிலும் லீக்குகள் அந்த மாதங்களில்தான் பெருகின. குடோன் மாடிப் பையன் அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்தான். ஒரு பழைய லாஜிடெக் வீலைச் சாப்பாட்டு மேசையில் கவ்வ வைத்துத் தொடங்கியிருக்கிறான்.

மட்டாஞ்சேரி இப்படி ஒரு மாற்றத்தை ஏற்கெனவே பார்த்த ஊர். யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகுச் சந்தையில் முன்பேர வியாபாரிகள் சத்தம் போட்டு விலை சொன்ன காலம் ஒன்று. பின்னர் அந்த வியாபாரம் கணினித் திரைக்குப் போனது. கூவியவர்களில் பலர் அந்தத் திரையோடு ஒத்துப்போகவில்லை. வேகம் கூடியது, கூட்டம் கலைந்தது. ரேசிங்கில் நடந்தது அதற்கு எதிர்ப்பக்கம் என்பேன். திரை வந்த பிறகுதான் எங்கள் ஊருக்கு இதில் ஒரு கூட்டமே உண்டானது.

காரணம் எளிது. கேரளத்தில் ஒரு நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூர் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். மலிவான மாருதி இன்ஜினை வைத்து இந்தியப் பிள்ளைகளுக்குப் பந்தயக் கார் செய்து கொடுத்த கரிவரதனின் பெயர் தாங்கியது. கொச்சியிலிருந்து போய்வர ஒரு நாள், லைசென்ஸ், கார் வாடகை, டயர், எல்லாம் சேர்த்தால் கூலிக்கு வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளையால் தாங்க முடியாது. அன்று அவன் பந்தயத்துக்குள் நுழைய ஒரே வாசல் மெக்கானிக் ஆவது. மாமா அப்படித்தான் நுழைந்தார், கடைசிவரை வேலிக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். அவர் சொன்ன அந்த ஒரு சாண் வித்தியாசத்தை அவர் ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. இன்று ஒரு பழைய வீலும் ஃபைபர் இணைப்பும் இருந்தால் ஸ்பாவின் ஏழு கிலோமீட்டரும் உன் கைக்குள். இதைச் சாதாரண மாற்றமாக நான் எண்ணவில்லை.

வினோதம் பாருங்கள், 2022இல் இந்தியன் ரேசிங் லீக் முதன்முதலாக நடந்தபோது பட்டத்தை வென்ற அணியின் பெயரில் எங்கள் ஊர் இருந்தது: காட்ஸ்பீட் கொச்சி. பந்தயங்கள் நடந்தது ஹைதராபாத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும். கொச்சிக்காரர்கள் ஊர்ப்பெயரைக் கொண்டாடினார்கள், தடத்தைப் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்ட் 31இலும் செப்டம்பர் 1இலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகளோடு இரவுப் பந்தயம் நடந்தது. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போனது அது. அண்ணா சாலையில் பஸ் ஏறிய எல்லோருக்கும் அந்தத் தடம் தெரியும். பந்தய வேகத்தில் அதுவரை யாருக்கும் தெரியாது. அஜித் குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் கார் ஓட்டியதிலிருந்து, சினிமா பார்க்க மட்டும் வந்த தமிழ் ரசிகர்களும் சர்க்யூட் படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். நல்லது. முன்னோட்டத்துக்கு இன்று கேட்கக் காது இருக்கிறது.

திரை தராதது எது என்று அந்தப் பையனிடமே கேட்டேன். பணம் சேர்த்து ஒருமுறை கரிக்குப் போய் வாடகைக் காரில் ஓட்டியிருக்கிறான். ரசிகர்கள் தாங்களாகவே செய்து வெளியிட்ட கரி தடத்தை அசெட்டோ கோர்சா என்ற விளையாட்டில் நூற்றுக்கணக்கான லேப் பழகியிருந்தான். வளைவுகளின் வரிசை உள்ளங்கையில் இருந்தது. முதல் லேப்பிலேயே லைன் சரியாக வந்ததாம், கூட வந்த பயிற்சியாளர் ஆச்சரியப்பட்டிருக்கிறார். அதோடு சரி. "ரிக்குல ஒரு மரத்த வச்சு பிரேக் போடுவேண்ணே. அங்க போனா அந்த மரமே இல்ல" என்றான். ரசிகன் கற்பனையில் நட்ட மரம். அதைவிடப் பெரிய விஷயம் கழுத்து. நாலு லேப்பில் தலையை நேராக வைத்திருக்க முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் சூடு, பெட்ரோல் வாசனை, சுவர் நிஜமானது என்ற நினைப்பு. ரிக்கில் சுவரில் மோதினால் ஒரு பட்டனை அழுத்தி மறுபடி தொடங்கலாம். கரியில் அந்த வளைவு வரும்போது கால் தானாக முன்கூட்டியே பிரேக்குக்குப் போனது என்றான். மாமா சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு "பயம் வரும்" என்றாரே, அது எந்த லேசருக்கும் அகப்படாது.

ஆகவே பழைய முறை தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் நல்ல வீரர்கள் பந்தயத்துக்கு முன் தடத்தில் நடந்து பார்க்கிறார்கள், குனிந்து கெர்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள். முன்பு நடையில் தொடங்கிய படிப்பு இப்போது நடையில் முடிகிறது. தடத்துக்கு வந்து சேரும்போது வளைவுகளின் பெயர் தெரிந்திருப்பதால், நடக்கிற அரைமணி நேரமும் நுணுக்கத்துக்கே போகிறது. இதை முழு லாபமாகவே நான் பார்க்கிறேன்.

எனக்கு இருக்கிற மனக்குறை வேறு. மட்டாஞ்சேரிப் பையனுக்கு ஸ்பாவின் மேடு பள்ளம் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும், ஜப்பானின் சுசூகாவில் எட்டு வடிவத் தடம் எங்கே தன் மேலேயே கடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். நம் கரிக்கு மட்டும் இல்லாத மரத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஐரேசிங்கின் பட்டியலில் இந்தியத் தடம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையும் கரியும் ஆர்வலர்களின் உழைப்பால்தான் திரைக்கு வந்திருக்கின்றன. அந்த உழைப்புக்கு என் வணக்கம், ஆனால் கையால் கட்டியதற்கும் லேசரால் அளந்ததற்கும் உள்ள தூரம் சின்னதல்ல. தடங்களை வைத்திருக்கும் கிளப்புகளும் தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பும் மனது வைத்தால், பந்தயம் இல்லாத சில நாட்களில் இந்த அளவெடுப்பு முடிந்துவிடும். அதன் பிறகு கொச்சியிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற பிள்ளை, டிக்கெட் எடுக்கும் முன்பே இருங்காட்டுக்கோட்டையைக் கற்றுவிடுவான்.

அதுவரை லீக் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சீசன் காலண்டர் போடும்போது ஸ்பா, மோன்சா, சுசூகா எல்லாம் இருக்கட்டும். முதல் சுற்றை மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் வையுங்கள், இப்போது கிடைக்கிற வடிவத்திலேயே. அதற்கு முன்னோட்டம் தயாரிக்கும்போது அங்கே நிஜமாக ஓட்டிய ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். சோழவரம் தொட்டு ஓட்டிய பெரியவர்கள் சிலர் சென்னையிலும் கோவையிலும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.